திருத்திய பிழை ஏன் மறையவில்லை?



ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து மழைத்துளி ஒன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாதிருந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் என்னவாக இருக்கும்? நீங்கள் படித்த சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால் வினாடிக்கு 140 மீட்டர் என்று விடை வரும். அதாவது, மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்! அப்படியானால் மழையில் நனைவது கல்லடி படுவதற்கு ஒப்பாகிவிடும் அல்லவா?

நம்மைக் காப்பது காற்றின் தடையே. துளியின் வேகம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. துளியின் எடையும் காற்றின் தடையும் சமமானவுடன் வேகம் மேலும் கூடுவதில்லை. இதனையே முற்றுத் திசைவேகம் என்கிறோம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, விழத் தொடங்கிய ஏறத்தாழ 2 வினாடிகளிலேயே இந்த நிலையை எட்டிவிடும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 6.5 மீட்டர் அளவில் நிற்கும்.

இந்த மழைத்துளிதான் முதுகலை வகுப்பில் எனக்குத் தரப்பட்ட ஆய்வுத்திட்டம். துளியின் வேகத்தை நொடிக்கு நொடி கணக்கிட்டுப் பட்டியலிடும் நிரல் ஒன்றைக் கணிப்பொறிக்கு எழுத வேண்டும். அந்த நிரல் இரண்டு நாள்கள் என்னை அலைக்கழித்தது. மென்பொருள் அலுவலகங்களில் இன்று அன்றாட வழக்கமாகிவிட்ட ஒரு முறையின் தேவையை அந்த இரண்டு நாள்களில்தான் நான் அறிந்துகொண்டேன். அந்த முறையைப் பற்றியே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

குமிழைத் திருகியும் அசையாத முள்

என் நிரல் மூன்று கோப்புகளாக இருந்தது. 'முதன்மை' என்ற கோப்பு கணக்கை நடத்திச் செல்லும். 'காற்று' என்ற கோப்பு காற்றின் தடையைக் கணக்கிட்டுத் தரும். 'பட்டியல்' என்ற கோப்பு விடைகளை வரிசையாக அச்சிடும்.

முதல் ஓட்டத்திலேயே விபரீதமான விடை வந்தது. ஒரு வினாடி முடிவதற்குள் துளியின் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிட்டது! காரணத்தை விரைவில் கண்டுபிடித்துவிட்டேன். தடை விசைக்குக் கழித்தல் குறி இட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இட்டிருந்தேன். துளியைத் தடுக்க வேண்டிய காற்று, அதனைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. 'காற்று' கோப்பைத் திறந்து குறியை மாற்றினேன். மீண்டும் ஓட்டினேன். பழைய விடையே வந்தது.

சூத்திரம் தவறோ என்று ஐயம் எழுந்தது. புத்தகங்களைப் புரட்டினேன். காற்றின் அடர்த்தியை மாற்றிப் பார்த்தேன். ஆரம் வர வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். எதைச் செய்தும் விடையில் ஓர் இலக்கம்கூட மாறவில்லை. திட்ட அறிக்கையை ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மாலை, ஆய்வு மாணவராக இருந்த ஓர் அண்ணன் என் அருகே வந்து அமர்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சூத்திரத்தைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, ஆய்வுக்கூடத்தில் குமிழை எவ்வளவு திருகியும் கருவியின் முள் அசையவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டார்.

"கம்பி இணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், அண்ணா."

"இங்கேயும் அதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பைக் கடைசியாக எப்போது மொழிபெயர்த்தாய்?"

அப்போதுதான் விளங்கியது. நான் திருத்தியது ஒன்று. கணிப்பொறி ஓட்டிக்கொண்டிருந்தது வேறொன்று.

இரண்டு பிரதிகள்

இதனைப் புரிந்துகொள்ள ஒரு நிரல் உருவாகும் விதத்தைச் சற்றுக் காண்போம். நாம் எழுதும் நிரல் மனிதர்கள் படிக்கத்தக்க ஒரு மொழியில் இருக்கிறது. இதனை மூலக் கோப்பு என்போம். கணிப்பொறியின் மையச் செயலகத்திற்கு இம்மொழி புரியாது. ஆகவே, கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு மூலக் கோப்பையும் பொறிமொழியில் பெயர்த்துத் தனிக் கோப்பாக வைக்கிறது. பிறகு, இந்தப் பொறிமொழிக் கோப்புகளையெல்லாம் ஒன்றாகப் பிணைத்து, ஓடக்கூடிய ஒரே நிரலாக ஆக்க வேண்டும். பெயர்த்தல், பிணைத்தல் ஆகிய இவ்வேலைகளைச் சேர்த்து 'கட்டுதல்' என்று சொல்கிறார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று நாம் படிப்பது. மற்றொன்று கணிப்பொறி ஓட்டுவது. முதலாவதைத் திருத்தியவுடன் இரண்டாவது தானாகத் திருந்திவிடுவதில்லை. அதனை நாம் மீண்டும் பெயர்க்க வேண்டும்.

நான் செய்தது என்ன? அன்று காலை 'முதன்மை' கோப்பில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். அதனைப் பெயர்த்துப் பிணைக்கும் கட்டளைகளையே விசைப்பலகையில் திரும்பத் திரும்பத் தட்டிப் பழகிவிட்டேன். 'காற்று' கோப்பைத் திருத்திய பிறகும் கை பழக்கத்தில் அதே கட்டளைகளையே தட்டியது. புதிய 'காற்று' பெயர்க்கப்படாமலே கிடந்தது. ஒவ்வொரு முறையும் பிழையுள்ள பழைய 'காற்று'தான் பிணைக்கப்பட்டது.

உரிய கோப்பைப் பெயர்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஐயத்தின் பேரில் ஆரத்தையும் அடர்த்தியையும் மாற்றிவைத்திருந்தேன் அல்லவா? அந்தத் தவறுகள் இப்போது உயிர் பெற்றன! எவற்றையெல்லாம் மாற்றினேன் என்று நினைவுபடுத்திச் சரிசெய்ய மேலும் அரை நாள் ஆயிற்று. பழைய பிரதி ஒன்று இடையில் புகுந்துவிட்டால் நேரம் மட்டும் வீணாவதில்லை. சரியாக இருப்பதையும் நாம் கெடுத்துவிடுகிறோம்.

ஒரு வார இறுதியில் பிறந்த கருவி

இத்தொல்லை எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. கணிப்பொறித் துறையில் தேர்ந்த மேதைகளுக்கே நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயக்க முறைமை வளர்ந்துவந்த காலம். 1976ஆம் ஆண்டில் ஒரு நாள், ஸ்டீபன் ஜான்சன் என்ற அறிஞர் தம் சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் வந்து நொந்துகொண்டார். ஏற்கெனவே திருத்திவிட்ட ஒரு பிழையைத் தேடி அவர் ஒரு காலைப் பொழுதையே வீணாக்கியிருந்தார். திருத்திய கோப்பைப் பெயர்க்கவில்லை என்பதே காரணம். முந்திய மாலைதான் ஃபெல்ட்மனும் அதே தொல்லையில் சிக்கியிருந்தார். ஆகவே, இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று எண்ணினார். அந்த வார இறுதியிலேயே ஒரு கருவி நிரலை எழுதி முடித்தார். அதன் பெயர் 'மேக்'.

மேக் செய்யும் வேலை மிக எளிமையானது. எந்தக் கோப்பு எந்தக் கோப்பைச் சார்ந்தது, அதனை உருவாக்கும் கட்டளை எது என்று ஒரு பட்டியலில் நாம் எழுதித் தந்துவிட வேண்டும். ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கணிப்பொறி குறித்துவைத்திருக்கிறது. மேக் அந்த நேரங்களை ஒப்பிடுகிறது. விளைபொருளைவிட மூலப்பொருள் புதியதாக இருந்தால், அந்த விளைபொருளை மீண்டும் உருவாக்குகிறது. இல்லாவிடில் அதனைத் தொடுவதில்லை.

நம் வீட்டுச் சமையலறையிலும் இந்த அறிவு இருக்கிறது. இட்லிக்கு மாவும், மாவுக்கு ஊறிய அரிசியும் உளுந்தும் வேண்டும். சட்னிக்குத் தேங்காயும் மிளகாயும் உப்பும் வேண்டும். சட்னியில் உப்புக் குறைந்துவிட்டது என்பதற்காக யாரும் அரிசியை மீண்டும் ஊறவைப்பதில்லை. உளுந்து கெட்டுவிட்டால் மாவை மட்டுமன்றி இட்லியையும் புதிதாகச் செய்தாக வேண்டும். எது எதைச் சார்ந்தது என்பது அம்மாவின் மனத்தில் இருக்கிறது. மேக் அதனை ஒரு பட்டியலில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவே வேறுபாடு.

என் மழைத்துளி நிரலின் கோப்பு நேரங்கள் பின்வருமாறு இருந்திருக்கும் எனக் கொள்வோம்.

முதன்மை: மூலம் 9.00, பொறிமொழி 9.05
காற்று: மூலம் 10.30, பொறிமொழி 9.06
பட்டியல்: மூலம் 8.40, பொறிமொழி 9.07
பிணைத்த நிரல்: 10.32

கடைசி வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பிணைத்த நிரலின் நேரம் 10.32. அது எல்லா மூலக் கோப்புகளையும்விடப் புதியது. அதனால்தான் எனக்கு ஐயமே எழவில்லை. மேக் ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துச் செல்லும். 'காற்று' மூலம் 10.30, அதன் பொறிமொழியோ 9.06. ஆகவே அதனைப் பெயர்க்கும். பெயர்த்ததும் அந்தப் பொறிமொழிக் கோப்பு பிணைத்த நிரலைவிடப் புதியதாகிவிடும். ஆகவே மீண்டும் பிணைக்கும். மற்ற இரண்டையும் தொடாது. ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட மென்பொருளில் இதனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்!

ஒரு வேடிக்கையான செய்தியையும் சொல்ல வேண்டும். மேக்கின் பட்டியலில் கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' விசையின் இடைவெளியுடன்தான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி இட்டால் ஏற்காது. இது தொல்லையான விதி என்பது ஃபெல்ட்மனுக்கே சில வாரங்களில் தெரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் ஏறத்தாழ 12 பேர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் 12 பேருக்குக் காட்டிய இரக்கத்தால், பிற்பாடு உலகெங்கும் எண்ணற்றோர் அந்த டேப்பில் இடறி விழுந்தனர்! ஆயினும் மேக்கின் பயன் பெரிது. 2003ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது அதற்காக ஃபெல்ட்மனுக்கு வழங்கப்பட்டது.

மேக்கிற்கும் எல்லைகள் உண்டு. ஒரு சார்பைப் பட்டியலில் எழுத மறந்தால் மேக்கும் அதனை அறியாது. கணிப்பொறியின் கடிகாரம் தவறாக இருந்தால் மேக்கின் முடிவும் தவறாகும். இதனால் பிற்காலக் கருவிகள் சில, நேரத்தைப் பார்க்காமல் கோப்பின் உள்ளடக்கமே மாறியுள்ளதா என்று ஒப்பிடுகின்றன.

பலர் சேர்ந்து எழுதினால்?

இதுவரை ஒருவர் எழுதிய நிரலைப் பற்றிப் பார்த்தோம். பணியிடத்தில் ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அவரவர் பகுதி தனித்தனியே சரியாக இருக்கலாம். சேரும்போது சரியாக இருக்குமா?

செவ்வாய்க் கோளை ஆராய அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தின் கதை இதற்குச் சான்றாகும். 1998 டிசம்பர் 11 அன்று அது புறப்பட்டது. வழியில் அதன் சிறு உந்துபொறிகள் அவ்வப்போது இயக்கப்பட்டன. அவை தந்த கணத்தாக்கை ஒரு குழுவின் மென்பொருள் கணக்கிட்டுத் தந்தது. மற்றொரு குழுவின் மென்பொருள் அதனைப் பயன்படுத்திக் கலத்தின் பாதையைக் கணித்தது. முதல் குழுவின் மென்பொருள் பவுண்டு விசை-வினாடி என்ற அலகில் எண்களைத் தந்தது. இரண்டாவது குழுவின் மென்பொருளோ அவற்றை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு முறையும் கணத்தாக்கு 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் சேர்ந்தது.

ஒன்பது மாதப் பயணத்தில் இச்சிறு பிழைகள் திரண்டன. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயின் தரைக்கு மேல் ஏறத்தாழ 226 கி.மீ. உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கி.மீ. உயரத்திற்கு இறங்கிவிட்டது எனப் பின்னர் கணக்கிட்டார்கள். அதன்பின் அக்கலத்திடமிருந்து செய்தி வரவே இல்லை. மெட்ரிக் அலகையே பயன்படுத்த வேண்டும் என்பது முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்த விதிதான். இரு மென்பொருள்களையும் சேர்த்து முழுமையாகச் சோதிக்காததால் விதி மீறப்பட்டது தெரியவில்லை.

சேர்த்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதன் விலையை ஒரு கணக்கால் அறியலாம். ஓர் அலுவலகத்தில் 10 பேர், நாளொன்றுக்கு ஆளுக்கு 3 மாற்றங்கள் செய்கிறார்கள் என்போம். 20 வேலை நாள்கள் கழித்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிறார்கள். மொத்தம் 600 மாற்றங்கள். மென்பொருள் ஓடவில்லை என்றால் 600 மாற்றங்கள் மீதும் ஐயம் விழும். அதுமட்டுமா? மார்ஸ் கலத்தைப் போல, இரண்டு மாற்றங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததும் காரணமாகலாம். 600 மாற்றங்களிலிருந்து எத்தனை இணைகள் அமைக்கலாம்? 600ஐ 599ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 1,79,700! மேலும், மூன்று வாரங்களுக்கு முன் எதை ஏன் மாற்றினோம் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும்.

இதற்கு மாறாக, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவுடனே பொதுப் பிரதியில் சேர்த்துச் சோதித்தால்? ஐயத்திற்குரியது ஒன்றே ஒன்றுதான். அதனை எழுதியவர் இன்னும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டார்.

தொடர் ஒருங்கிணைப்பு

இந்த முறைக்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர். கிரேடி பூச் என்ற மென்பொருள் அறிஞர் 1990களின் முற்பகுதியில் இச்சொல்லைக் கையாண்டார். கென்ட் பெக் என்பவரும் அவருடைய தோழர்களும் 1990களின் பிற்பகுதியில் இதனை அன்றாட ஒழுங்காகவே வளர்த்தெடுத்தனர். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது முறை கட்டிச் சோதிக்க மனிதர்களால் இயலுமா? சலிப்புத் தட்டிவிடும், சலித்த கை என் கையைப்போல ஒரு படியை விட்டுவிடும். எனவே அந்த வேலையை ஒரு கணிப்பொறியிடமே ஒப்படைத்தனர். இதற்கான கருவிகளில் 'குரூஸ் கன்ட்ரோல்' 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர் எழுதிய 'ஹட்சன்' 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, 2011 முதல் 'ஜென்கின்ஸ்' என்ற பெயருடன் வளர்ந்தது.

இதில் நடப்பவை வருமாறு:

1. நிரலின் பொதுப் பிரதி ஓரிடத்தில் இருக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம்.

2. ஒருவர் தம் மாற்றத்தைப் பொதுப் பிரதியில் சேர்த்தவுடன், இதற்கென்றே உள்ள கணிப்பொறி அதனை எடுத்துப் பொதுவாக ஒரு வெற்றிடத்தில் தொடக்கத்திலிருந்து கட்டும். பழைய பொறிமொழிக் கோப்புகள் அங்கே இரா. ஆகவே பழையது புகுந்து ஏமாற்ற வழியில்லை.

3. கட்டிய நிரலை முன்பே எழுதிவைத்த சோதனைகளுக்கு உட்படுத்தும்.

4. முடிவை அனைவருக்கும் தெரிவிக்கும். பச்சை என்றால் தேர்ச்சி. சிவப்பு என்றால் தோல்வி. சிவப்பு வந்தால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதனைச் சரிசெய்வதே முதல் வேலை.

சோதனை என்றால் என்ன? என் மழைத்துளி நிரலுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். ஒன்று: காற்றின் அடர்த்தியைச் சுழியாக வைத்தால், ஒரு வினாடி முடிவில் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டராக இருக்க வேண்டும். இரண்டு: 2 மி.மீ. துளியின் வேகம் 5 வினாடிகளுக்குப் பின் வினாடிக்கு 6 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். மூன்று: 4 மி.மீ. துளியின் முற்றுத் திசைவேகம் 2 மி.மீ. துளியினுடையதைவிட மிகுதியாக இருக்க வேண்டும். குறி மாறியிருந்தால் இரண்டாவது சோதனை அப்போதே சிவப்பைக் காட்டியிருக்கும். இவற்றை ஓட்டுவது கணிப்பொறி. என்ன விடை வர வேண்டும் என்று சொல்வது இயற்பியல் அறிந்த நாம்.

"என் கணிப்பொறியில் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்பது மென்பொருள் எழுதுவோரிடம் அடிக்கடி கேட்கும் சொல். ஓர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வரும் முடிவை இயற்பியலார் ஏற்றுக்கொள்கிறார்களா? வேறோர் ஆய்வுக்கூடத்தில், வேறு கருவிகளைக் கொண்டு செய்தாலும் அதே முடிவு வர வேண்டும் அல்லவா? கட்டிச் சோதிக்கும் அந்தப் பொதுக் கணிப்பொறியே மென்பொருளாரின் இரண்டாவது ஆய்வுக்கூடம் எனலாம்.

இம்முறையால் மற்றொரு நன்மையும் உண்டு. இன்று காணும் பிழை எப்போதோ நுழைந்தது என்று வைத்துக்கொள்வோம். கடைசி 600 மாற்றங்களில் எதனால் நுழைந்தது? 300ஆவது மாற்றத்தின்போது இருந்த நிலையைக் கட்டிச் சோதிக்கலாம். அங்கே பிழை இல்லை என்றால் அது பிற்பாதியில் நுழைந்திருக்கிறது, இருந்தால் முற்பாதியில். இப்படியே பாதிபாதியாகக் குறைத்துச் சென்றால், 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024 என்பதால், 10 சோதனைகளுக்குள் குற்றவாளி சிக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு பழைய நிலையையும் கை படாமல் கட்டிச் சோதிக்க முடிந்தால்தான் இது எளிதில் கைகூடும்.

ஏழு சரி, எட்டாவது தவறு

கட்டிச் சோதித்த நிரலை அது பணிபுரியும் கணிப்பொறிகளில் கொண்டுசேர்ப்பது கடைசிப் படி. அங்கேயும் பழைய பிரதி காத்திருக்கிறது.

அமெரிக்காவில் 'நைட் கேபிடல்' என்ற பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012ஆம் ஆண்டில் அது தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட விதியும் அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், வழக்கொழிந்த ஒரு பழைய நிரல்பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. அதனை எழுப்ப முன்பு பயன்பட்ட அடையாளக் குறியையே புதிய நிரல் வேறு பணிக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று காலை சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் சரியாகப் பணிபுரிந்தன. எட்டாவது மட்டும் பழைய நிரல்பகுதியை ஓட்டத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வேண்டாத வணிகங்கள் நடந்தேறின. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்! மறு ஆண்டு அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

என் மழைத்துளியில் பெயர்க்கப்படாமல் கிடந்த 'காற்று' கோப்புக்கும், புது நிரல் ஏறாத அந்த எட்டாவது சர்வருக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? இரண்டு இடத்திலும் பழைய பிரதி ஒன்று புதியவற்றுக்கிடையே புகுந்துகொண்டது. எனக்கு இரண்டரை நாள் போயிற்று. அவர்களுக்கு நிறுவனமே போயிற்று.

பச்சை விளக்கு எதைச் சொல்லவில்லை?

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. பச்சை விளக்கு எரிகிறது என்றால், நாம் எழுதிய சோதனைகளில் நிரல் தேறியது என்று மட்டுமே பொருள். நாம் கேட்க மறந்த கேள்விக்கு அது விடை சொல்லாது. மார்ஸ் கலத்தின் மென்பொருளை நாளுக்கு நூறு முறை கட்டியிருந்தாலும், "ஒரு நியூட்டன்-வினாடிக்குரிய தாக்கத்தைத் தந்தால் ஒன்று என்ற எண் வருகிறதா?" என்ற சோதனை அதில் இல்லாதவரை பிழை தெரிந்திருக்காது. சலிக்காமல் திரும்பச் செய்வது இயந்திரத்தின் வேலை. எதைக் கேட்பது என்று தீர்மானிப்பது நம் வேலை.

நீங்கள் கணிப்பொறியில் நிரல் எழுதப் பழகுபவராயின், சிறு நிரலுக்கும் இரண்டு மூன்று சோதனைகளை எழுதிவைக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள். நிரல் எழுதாவிட்டாலும் இந்த அறிவு பயன்படும். ஆய்வகத்தில் இருபது அளவீடுகளையும் எடுத்து முடித்தபின் வரைபடம் வரையாதீர்கள். ஒவ்வொரு அளவீட்டையும் எடுத்தவுடன் வரைபடத்தில் குறியுங்கள். ஒரு புள்ளி விலகி நின்றால், கருவி மேசையில் இருக்கும்போதே மீண்டும் அளந்து பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

1. மேலே கண்ட மழைத்துளி நிரலில் 'மாறிலிகள்' என்ற நான்காவது கோப்பையும் சேர்க்கிறோம். புவியீர்ப்பு முடுக்கம் போன்ற மதிப்புகள் அதில் உள்ளன. 'முதன்மை', 'காற்று' ஆகிய இரண்டும் பெயர்க்கப்படும்போது அதனைப் படித்துக்கொள்கின்றன. எல்லாம் சரியாகக் கட்டப்பட்ட பின், 'மாறிலிகள்' கோப்பை மட்டும் மாற்றுகிறீர்கள். மேக் எந்த எந்த வேலைகளைச் செய்யும்?

2. கடைசி 500 மாற்றங்களில் ஒன்றில் பிழை நுழைந்துள்ளது. பாதிபாதியாகக் குறைக்கும் முறையில் அதிக அளவாக எத்தனை சோதனைகள் வேண்டும்?

3. ஒரு சர்வரில் நிரலைக் கையால் சரியாக ஏற்றுவதற்கான வாய்ப்பு 100க்கு 99 என்போம். 8 சர்வர்களிலும் பிழையின்றி ஏற்றுவதற்கான வாய்ப்பு என்ன?

விடைகள்

1. 'முதன்மை', 'காற்று' ஆகியவற்றைப் பெயர்க்கும்; பிறகு பிணைக்கும். ஆக மூன்று வேலைகள். 'பட்டியல்' தொடப்படாது.

2. ஒன்பது. 2ஐ ஒன்பது முறை பெருக்கினால் 512. இது 500ஐவிட மிகுதி.

3. 0.99ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.923. அதாவது, நூறு முறை இவ்வாறு ஏற்றினால் ஏறத்தாழ எட்டு முறை ஏதேனும் ஒரு சர்வரில் தவறு நேரும்.